குடும்பம் + ஆரோக்கியம்: இந்த ஆராய்ச்சிக்குள்ள புதுசா வர்றவங்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

எம்எஸ்டபிள்யூ, நர்சிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, ஆந்த்ரபாலஜி, ஹோம் சயின்ஸ்னு ஏதோ ஒரு டிகிரி முடிச்சிட்டு "குடும்பம், உடல்நலம் ரெண்டையும் சேத்து ரிசர்ச் பண்ணணும், யாரைப் போய் பாக்குறது"னு கேக்குறவங்க இப்போ நிறைய பேர். இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. ஏன்னா நம்ம நாட்டுல இதுக்குனு தனியா போர்டு மாட்டின டிபார்ட்மென்ட் ரொம்ப அபூர்வம், வேலை மட்டும் பல இடத்துல நடந்துட்டே இருக்கு: கம்யூனிட்டி மெடிசின்ல கொஞ்சம், மக்கள்தொகை படிப்புல கொஞ்சம், சைக்கியாட்ரி வார்டுல கொஞ்சம், சோஷியல் வொர்க் காலேஜ்ல கொஞ்சம். அதனால "இன்டர்டிசிப்ளினரி"ங்கிற பெரிய வார்த்தையைப் பாத்து பயப்படவும் வேணாம், மயங்கவும் வேணாம். வேலைக்கு இறங்குற ஆளுக்குத் தேவையானதை மட்டும் வரிசையா எழுதுறேன், சில இடத்துல வளவளனு போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு பழைய கதை, இது தெரியாம ஆரம்பிக்காதீங்க

1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒருத்தர், படிச்சது ஆந்த்ரபாலஜி, வேலை பாத்தது சோஷியாலஜிஸ்டா, அதுவும் சைக்கியாட்ரிஸ்டுங்க நடத்துற ஒரு ஆராய்ச்சி யூனிட்ல. மனநல ஆஸ்பத்திரியில பல வருஷம் இருந்து டிஸ்சார்ஜ் ஆனவங்களை பின்தொடர்ந்து பாத்தா ஒரு விஷயம் இடிச்சுது: அப்பா அம்மாகிட்டயோ மனைவிகிட்டயோ திரும்பிப் போனவங்க, வாடகை அறையில தனியா தங்கினவங்களை விட அதிகமா மறுபடி நோயில விழுந்தாங்க. குடும்பம்னாலே நல்லதுனு நினைச்சிட்டிருந்தவங்களுக்கு இது ஒரு அடி. அதுக்கப்புறம் அவரு டீம் என்ன பண்ணுச்சுன்னா, வீட்டாளுங்களை உக்கார வெச்சு மணிக்கணக்குல பேச வெச்சு, டேப்புல பதிவு பண்ணி, என்ன சொன்னாங்கங்கிறதை மட்டும் இல்லாம எந்தக் குரல்ல சொன்னாங்கங்கிறதையும் எண்ணினாங்க: குத்தம் சொல்ற பேச்சு எத்தனை, வெறுப்பு இருக்கா, அளவுக்கு மீறிய ஒட்டுதல் இருக்கா, பாசம் தெரியுதா. இதுக்கு "எக்ஸ்பிரஸ்ட் எமோஷன்"னு பேரு வெச்சாங்க.

அதே அளவுகோலை வெச்சு சண்டிகர்ல செஞ்ச ஆய்வு 1987ல வந்துச்சு, அங்க குத்தம் சொல்ற, வெறுப்பு காட்டுற குடும்பங்கள் லண்டனை விட ரொம்பக் கம்மி. நம்ம பக்கம் வேற மாதிரியும் ஒரு மரபு உண்டு. 1950கள்ல அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில டாக்டர் வித்யாசாகர் வளாகத்துல கூடாரம் போட்டு நோயாளியோட சொந்தக்காரங்களையும் கூடவே தங்க வெச்சாரு. வேலூர் சிஎம்சியோட பாகாயம் மனநல மையத்துலயும் கிட்டத்தட்ட அதே காலத்துல இருந்து, குடும்பத்துல ஒருத்தர் கூட தங்குறதுதான் வழக்கம்.

இந்தக் கதையை ஏன் இழுத்தேன்னா, டாக்டர் மட்டும் இருந்திருந்தா குரலை எண்ணியிருக்க மாட்டாரு, சோஷியாலஜிஸ்ட் மட்டும் இருந்திருந்தா மறுபடி நோய் வந்துச்சாங்கிறதை சரியா அளந்திருக்க மாட்டாரு. ரெண்டு துறை சேர்றதுக்கு இப்படி ஒரு கேள்வி இருக்கணும். கேள்வி இல்லாம சும்மா ரெண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்து செமினார் நடத்தினா டீ, பிஸ்கட், குரூப் போட்டோ, அவ்ளோதான்.

படி 1: உங்க கேள்வியை ஆளுக்கிட்ட இருந்து வீட்டுக்கு நகர்த்துங்க

புதுசா வர்றவங்க கொண்டுவர்ற தலைப்பு பெரும்பாலும் "முதியோர்களிடையே சர்க்கரை நோய் விழிப்புணர்வு" மாதிரி இருக்கும். இது தனி ஆளைப் பத்தின கேள்வி. விழிப்புணர்வு மார்க் போட்டு, வயசு, படிப்பு, வருமானம்னு டேபிள் போட்டு முடிஞ்சிடும், உங்களுக்கே ரெண்டாவது மாசம் போர் அடிச்சிடும்.

அதே விஷயத்தை ஒரு வீட்டுக்குள்ள வெச்சுப் பாருங்க. 60 தாண்டின ஒரு அப்பா, சுகர். தமிழ்நாட்டுல 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, தன்னார்வலர் அம்மா மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. சரி, அவங்க வர்ற நேரம் வீட்ல யாரு இருக்கா? மருமக வாங்கி பிரிட்ஜ் மேல வைக்கிறா. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, அதனால காலையில எது ராத்திரி எதுங்கிறது பேத்திக்குத்தான் தெரியும், பேத்தி ஹாஸ்டல் போயிட்டா கணக்கு மாறுது. சமையல் எல்லாருக்கும் ஒண்ணுதான், தனியா அவருக்கு மட்டும் சப்பாத்தி போட மருமகளுக்கு நேரம் கிடையாது, அவரும் "எனக்காக தனியா எதுவும் வேணாம்"னு சொல்லிடுவாரு, சொல்லிட்டு காலையில நேரா டீக்கடைக்குப் போய் சர்க்கரை தூக்கலா ஒண்ணு குடிப்பாரு. இப்போ உங்க கேள்வி "மாத்திரை வாசல் வரைக்கும் வந்த பிறகு அது அவர் வாய்க்குள்ள போறதுக்கு வீட்ல யார் யார் என்ன வேலை செய்றாங்க, எங்க அறுந்துபோகுது"னு ஆகுது பாருங்க. இது ஆராய்ச்சி. இதுக்கு டாக்டரும் வேணும், வீட்டு வேலை யார் தலையில விழுதுனு யோசிக்கிற ஆளும் வேணும், எண்ணத் தெரிஞ்சவங்களும் வேணும்.

ஒரு சின்ன டெஸ்ட்: உங்க கேள்விக்கு ஒரே ஒரு ஆள்கிட்ட பேசினாலே முழு பதில் கிடைச்சிடும்னா அது இன்னும் குடும்பக் கேள்வி ஆகல.

படி 2: யாரெல்லாம் குடும்பம்னு எழுதி வைங்க

இதை எல்லாரும் தாண்டிப் போறாங்க, இங்கதான் பாதி ஆராய்ச்சி ஓட்டையாகுது. நம்ம சென்சஸ்லயும் பெரிய சர்வேக்கள்லயும் ஒரு வீடுங்கிறது கூரையை வெச்சு இல்ல, அடுப்பை வெச்சு: சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையல்ல சாப்பிடுறவங்க ஒரு ஹவுஸ்ஹோல்டு. அண்ணன் தம்பி ஒரே வீட்ல இருந்தாலும் உலை தனித்தனியா வெச்சா ரெண்டு ஹவுஸ்ஹோல்டு. அம்மா இந்த மாசம் பெரியவன்கிட்ட, அடுத்த மாசம் சின்னவன்கிட்டனு முறை வெச்சு சாப்பிடுற வீடு நீங்க பாத்திருப்பீங்க, அந்த அம்மா எந்த ஹவுஸ்ஹோல்டு? துபாய்ல இருந்து மாசாமாசம் பணம் அனுப்புற மகன் லிஸ்ட்டுலயே வரமாட்டாரு, ஆனா ஆபரேஷன் பண்ணலாமா வேணாமானு வாட்ஸ்அப் கால்ல முடிவு எடுக்கிறது அவருதான். தெரு முனையில குடியிருக்கிற கல்யாணம் ஆன மகதான் அம்மாவை குளிப்பாட்ட தினம் வர்றா, அவளும் லிஸ்ட்டுல இல்ல.

சர்வே நடத்துறவங்க அடுப்பை வெச்சு எண்ணுறது தப்புனு சொல்லல, எண்ணுறதுக்கு ஏதோ ஒரு விதி வேணும்ல. உங்க ஆய்வுக்கு எந்த விதினு நீங்க முதல்லயே முடிவு பண்ணணும். நான் புதுசா வர்ற பசங்களுக்கு சொல்றது மூணு லிஸ்ட்டு: ஒரே உலையில சாப்பிடுறவங்க யாரு, உடம்புக்கு முடியலன்னா கூட இருந்து கவனிக்கிறவங்க யாரு, முடிவும் பணமும் யாருது. மூணும் ஒரே ஆட்களா இருந்தா உங்க அதிர்ஷ்டம்.

கூடவே ஜீனோகிராம், அதாவது குடும்ப உறவுகளைக் காட்டுற படம், வரையக் கத்துக்கோங்க, ஒரு மதியத்துல கத்துக்கலாம். ஆணுக்கு சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு குறுக்குக் கோடு, பிள்ளைங்க கீழ தொங்குவாங்க, இறந்தவங்க மேல பெருக்கல் குறி. சொந்தத்துல கல்யாணம்னா ரெட்டைக் கோடு. நம்ம ஊர்ல மாமன் மக, அத்தை பையன், அக்கா மகனு கட்டின வீடுகள்ல வரைய ஆரம்பிச்சா கோடு சுத்தி சுத்தி வரும், ஒரே ஆளுக்கு ரெண்டு உறவு இருக்கும், பேப்பரை படுக்க வாட்டுல வெச்சுக்கோங்க, பென்சிலால வரைங்க. வீட்ல இருக்கிற பெரியவங்க முன்னாடியே வரைஞ்சா அவங்களே "இல்ல இல்ல, இவன் மூத்தவன்"னு திருத்துவாங்க. அந்த அரை மணி நேரத்துல குடும்பத்துல யார் யாருக்கு பிரஷர், யார் சின்ன வயசுல போயிட்டா, யாரோட பேச்சுவார்த்தை இல்லைங்கிறதெல்லாம் கேக்காமலே வந்துடும்.

படி 3: எங்க படிக்கிறது

முதல்ல என் அபிப்பிராயம். ஒரு துறையில உறுதியா காலை ஊணிட்டு பக்கத்துத் துறையோட பேச்சை புரிஞ்சுக்கிற அளவு கத்துக்கோங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்னு போனா இன்டர்வியூல "நீங்க எதுல ஸ்பெஷலிஸ்ட்"னு கேட்டா முழிக்க வேண்டியிருக்கும்.

எண்ணு பக்கம் போறவங்களுக்கு மும்பை ஐஐபிஎஸ், அதாவது சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், 1956ல ஆரம்பிச்சது, மத்திய சுகாதார அமைச்சகத்துக்குக் கீழ வருது, தேசிய குடும்ப நல சர்வேயை நடத்துறதும் அவங்கதான். பாப்புலேஷன் ஸ்டடீஸ்ல மாஸ்டர்ஸ், பிஎச்டி ரெண்டும் உண்டு. நோய் எப்படிப் பரவுது, எப்படி அளக்குறதுங்கிற பக்கம் போறவங்களுக்கு சென்னையிலயே ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்ஐஇனு சொல்லுவாங்க, எம்பிஎச், அதாவது பொது சுகாதார மாஸ்டர்ஸ், இருக்கு. திருவனந்தபுரத்துல ஸ்ரீசித்ரா நிறுவனத்தோட அச்சுத மேனன் மையம், அங்கயும் எம்பிஎச், பிஎச்டி. சமூக அறிவியல் கண்ணோட பாக்கணும்னா மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), டெல்லி ஜேஎன்யூவோட சோஷியல் மெடிசின் மையம். மனநலமும் குடும்பமும்னா பெங்களூரு நிம்ஹான்ஸ், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் பயிற்சிக்கு பேர் போன இடம்.

தமிழ்நாட்டுக்குள்ளயே இருக்கணும்னா சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், 1952ல இருந்து இருக்கு. சென்னை ஸ்கார்ஃப்னு ஒரு மனநல ஆராய்ச்சி அமைப்பு, ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) உள்ளவங்களோட குடும்பத்துக்கு எவ்ளோ பாரம்னு அளக்குற கேள்வித்தாளை 1990கள்லயே நம்ம சூழலுக்குனு தயாரிச்சவங்க. வேலூர் சிஎம்சியில கம்யூனிட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட் கணியம்பாடி ஒன்றியத்துல வீடு வீடா பிறப்பு, இறப்பு எல்லாம் பல வருஷமா பதிவு பண்ணிட்டு வருது, அவங்களோட ருஹ்சாங்கிற கிராம சுகாதார மையம் 1977ல இருந்து கே.வி.குப்பத்துல. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துல கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் இருக்கு, அதுல மத்திய அரசோட மக்கள்தொகை ஆராய்ச்சி மையமும் ஒண்ணு. காந்திகிராமத்தை 1947ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் டாக்டர் சௌந்தரம், டாக்டரே கிராமத்துக்குள்ள வந்து உக்காந்த கதை.

சீட்டு கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேணாம், என்ஐஇ நடத்துற "ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்" என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல இலவசமா பாக்கலாம், சாம்பிள் சைஸ்ல இருந்து எதிக்ஸ் வரைக்கும் அடிப்படை எல்லாம் வருது.

படி 4: புது டேட்டா எடுக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற டேட்டாவைத் தோண்டுங்க

எடுத்த உடனே கேள்வித்தாளோட தெருவுல இறங்காதீங்க, ப்ளீஸ். தேசிய குடும்ப நல சர்வே 1992-93ல இருந்து அஞ்சு சுத்து முடிச்சு அறிக்கை வந்திருக்கு. அஞ்சாவது சுத்து 2019-21, நடுவுல கொரோனா வந்து ரெண்டு கட்டமா நடந்துச்சு. 6,36,699 வீடு, 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். ஆண்கள் எண்ணிக்கை ஏன் இவ்ளோ கம்மின்னா, ஒரு பகுதி வீடுகள்ல மட்டும்தான் ஆண்கள்கிட்ட கேப்பாங்க. இந்த ஒரு தகவலே ஒரு பேப்பருக்கான கேள்வி, குடும்ப நலம்னு சொல்லிட்டு பெண்கிட்டயே பாதி கேள்வியையும் கேக்குறோமே.

மாநில அறிக்கையை மட்டும் படிச்சாலே தலைப்பு கிடைக்கும். தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில. சந்தோஷம். அடுத்த வரியில சிசேரியன் 44.9 சதவீதம், நாடு முழுக்க சேத்து 21.5 தான். இங்க தனியார் ஆஸ்பத்திரியில மட்டும் எடுத்தா 63.8. இது ஆஸ்பத்திரி விஷயம்னு விட்டுடலாம், ஆனா நாள் நட்சத்திரம் பாக்குறது யாரு, "வலி தாங்கமாட்டா, கிழிச்சே எடுத்துடுங்க"னு சொல்றது பொண்ணோட அம்மாவா, வீட்டுக்காரரா, தையல் போட்ட உடம்போட வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாள் அம்மா வீடு, யார் குழந்தையைத் தூக்குறாங்கனு போனா குடும்ப ஆராய்ச்சி. சர்வே இதுக்கு பதில் தராது, எங்க போய் கேக்கணும்னு காட்டும்.

யூனிட் டேட்டா, அதாவது ஒவ்வொரு வீடு, ஆளோட பதிலும் தனித்தனியா இருக்கிற ஃபைல், வேணும்னா யூஎஸ்எய்ட் காசுல பல நாட்டு சர்வேக்களை நடத்தின டிஎச்எஸ் திட்டத்தோட தளத்துல பதிவு பண்ணி, என்ன ஆய்வுனு ஒரு பத்தி எழுதிக் கேக்கணும், காசு கிடையாது. அமெரிக்க அரசு 2025ல யூஎஸ்எய்ட் நிதியை நிறுத்தினப்போ அந்தத் திட்டமே ஆட்டம் கண்டுச்சு, அதனால கடைசி நேரத்துல கேக்காம தீசிஸ் தலைப்பு யோசிக்கும்போதே விண்ணப்பம் போட்டு வைங்க. ஃபைல் பல வகை: பெண்கள், ஆண்கள், குழந்தைகள், வீட்டு உறுப்பினர்கள், தம்பதிகள். தம்பதி ஃபைல்தான் எனக்குப் பிடிச்சது. ஒரே கேள்வியை கணவன்கிட்டயும் மனைவிகிட்டயும் தனித்தனியா கேட்டிருப்பாங்க, "வீட்ல பெரிய பொருள் வாங்குற முடிவு யாருது" மாதிரி, ரெண்டு பதிலும் ஒத்துப்போகாத இடம்தான் சுவாரசியம். வீட்டு உறுப்பினர் ஃபைல்ல 15 வயசுக்கு மேல இருக்கிறவங்களோட பிரஷர், சுகர் அளவு இருக்கும், ஒரே வீட்ல இருக்கிறவங்களை சேத்துப் பாக்கலாம்.

டெக்னிக்கலா ரெண்டே ரெண்டு. வெயிட், அதாவது சாம்பிள்ல சிலர் கூடவும் சிலர் குறையவும் வந்ததை சரிக்கட்டுற எண், போடாம சதவீதம் எடுக்காதீங்க, பெண்கள் ஃபைல்ல வி005னு இருக்கும், அதை பத்து லட்சத்தால வகுக்கணும், குடும்ப வன்முறை பகுதிக்கு டி005னு தனி வெயிட். அப்புறம் ஒரே வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்துத்தான் இருப்பாங்க, அஞ்சு பேரை அஞ்சு தனி ஆளா எண்ணி ரிக்ரெஷன் ஓட்டினா பி வேல்யூ அழகா வரும், அர்த்தம் இருக்காது, ஆளுங்களை வீட்டு வாரியா சேத்துக் கணக்குப் போடுற மல்டிலெவல் மாடல் கத்துக்கோங்க. ஆர் சாஃப்ட்வேர் இலவசம், அதுவே போதும்.

வயசானவங்க பத்தின ஆய்வுன்னா லாசினு முதியவங்களைப் பத்தின தேசிய சர்வே இருக்கு, முதல் சுத்து 2017-18, 45 வயசு தாண்டினவங்களும் அவங்க கணவன் மனைவியுமா 72,000 பேருக்கு மேல, ஐஐபிஎஸ்சும் ஹார்வர்டும் சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து பண்ணினது.

படி 5: எதிக்ஸ் கமிட்டி, இதை பார்மாலிட்டியா நினைக்காதீங்க

ஐசிஎம்ஆர் 2017ல போட்ட தேசிய நெறிமுறை டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க. குடும்ப ஆய்வுல மட்டும் வர்ற சிக்கல் சிலது:

வீட்டுப் பெரியவர் "பேசிக்கோங்க"னு சொன்னது மருமகளோட சம்மதம் ஆகாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேக்கணும், ஒருத்தர் வேணாம்னா அவங்களை விட்டுடணும், அவங்களைப் பத்தி மத்தவங்ககிட்ட கேட்டு நிரப்பக் கூடாது. பிள்ளைங்கன்னா அப்பா அம்மா சம்மதம் மட்டும் போதாது, 7ல இருந்து 12 வயசு வரைக்கும் வாய்மொழியா, அதுக்கு மேல 18 வரைக்கும் எழுத்துல, பிள்ளையோட ஒப்புதலும் வேணும்.

ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போகவே கூடாது. கேக்க சுலபமா இருக்கும். மாமியார் பேட்டியில "மருமக சொன்னாங்க நீங்க..."னு வாய் தவறி ஆரம்பிச்சா போச்சு, அந்த வீட்ல நீங்க போன பிறகு நடக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு. பேப்பர் எழுதும்போதும் பாருங்க, "கிராமம் ஆ, ரெட்டைப் பிள்ளை, கணவர் லாரி டிரைவர்"னு எழுதினா வெளியாளுக்குத் தெரியாது, அந்தத் தெருவுக்கே தெரியும்.

வன்முறை பத்தி கேக்குறதா இருந்தா தேசிய சர்வே எப்படிப் பண்ணுதுனு பாருங்க: ஒரு வீட்ல ஒரே ஒரு பெண்கிட்ட மட்டும், யாரும் கேக்காத இடத்துல மட்டும், தனிமை கிடைக்கலன்னா அந்தப் பகுதியையே கேக்காம விட்டுடுவாங்க. களத்துக்குப் போகும்போது கையில சாதாரண கேள்வித்தாள் ஒண்ணு, தடுப்பூசி, சாப்பாடுனு, தனியா இருக்கட்டும். யாராவது உள்ள வந்தா உடனே அதுக்கு மாறிடணும். இது உலக சுகாதார நிறுவனமே சொல்ற வழி. 18 வயசுக்குக் கீழ இருக்கிற பொண்ணு கர்ப்பமா இருக்கிற வீட்டுக்குள்ள போயிட்டீங்கன்னா போக்சோ சட்டப்படி தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு வந்துடும், அப்போ ரகசியம் காப்பேன்னு குடுத்த வாக்கு என்ன ஆகும்? இதுக்கு பதில் கமிட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே புரோட்டோகால்ல இருக்கணும், சம்மதப் படிவத்துலயும் இருக்கணும். 181 பெண்களுக்கு, 1098 பிள்ளைங்களுக்கு, 14416 மனநலத்துக்கு, இந்த எண்கள் சின்ன துண்டுச் சீட்டுல, வேற சுகாதார எண்களோட கலந்து, எல்லா வீட்டுக்கும் குடுத்துடுங்க. சந்தேகப்படுற வீட்டுக்கு மட்டும் குடுத்தா மாட்டிவிட்ட மாதிரி ஆகிடும்.

படி 6: வீட்டுக்குள்ள

கிராமத்துல முதல் நாள் விஎச்என் சிஸ்டர் (கிராம சுகாதார செவிலியர்) கூட போங்க, ரெண்டாவது நாள் அவங்க இல்லாம போங்க. முதல் நாள் அவங்க இல்லாம கதவு திறக்காது, ரெண்டாவது நாள் அவங்க இருந்தா உண்மை வராது, "எல்லா தடுப்பூசியும் போட்டாச்சுங்க"தான் வரும்.

நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்குப் போனா டிபன் பாக்ஸ் ஓட்டம், சாயங்காலம் ஏழுக்கு மேல போனா சீரியல், ஆம்பளைங்க தண்ணி போட்டிருந்தா இன்னும் கஷ்டம். பதினோரு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் பெண்கள் கொஞ்சம் உக்காருவாங்க, நூறு நாள் வேலை இருக்கிற சீசன்ல அதுவும் இல்ல, அப்போ வேலை நடக்கிற இடத்துக்கே போய் மரத்தடியில பேசலாம், ஆனா அங்க தனிமை கிடையாது, பொதுவா மட்டும் பேசுங்க.

எப்பவும் ரெண்டு பேரா போங்க. மருமககிட்ட பேச ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் மாமியார் வந்து பக்கத்துல உக்காருவாங்க, அது அவங்க வீடு, எந்திரிங்கனு சொல்ல முடியுமா? உங்ககூட வந்தவங்க அவங்ககிட்ட "உங்களுக்கு மூட்டுவலி எத்தனை வருஷமா இருக்குமா"னு ஆரம்பிச்சு மெல்ல திண்ணைப் பக்கம் கூட்டிட்டுப் போகணும், அவங்க பேச்சும் டேட்டாதான், ஒப்புக்குக் கேக்காம நிஜமா கேளுங்க. இந்தப் பக்கம் மருமக பின்வாசல்ல பாத்திரம் தேய்ச்சிட்டே பேசுவா. பேப்பரை மூடிட்டு அங்கயே குத்துக்காலிட்டு உக்காருங்க. முகத்தைப் பாக்காம கை வேலையில இருக்கும்போதுதான் "போன தடவை ரத்தம் இல்லைனு ஊசி போடச் சொன்னாங்க, போகலக்கா"ங்கிறது வரும், ஏன் போகலைங்கிறது அதுக்கும் கொஞ்ச நேரம் கழிச்சு வரும். அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவினா அது வராமலே போகும்.

ரெக்கார்டரை குக்கர் பக்கத்துல வைக்காதீங்க. ஒரு மணி நேரப் பேச்சை எழுத அஞ்சாறு மணி நேரம் ஆகும்னு கணக்கு வெச்சுக்கோங்க, வட்டார வழக்கு அப்படியே எழுதுங்க, நல்ல தமிழாக்க வேணாம். சர்வேயா இருந்தா கோபோ டூல்பாக்ஸ்ங்கிற கேள்வித்தாள் ஆப் போன்லயே ஓடும், நெட் இல்லாத ஊர்லயும் வேலை செய்யும். கேள்விகளை முதல்ல பத்து பேர்கிட்ட கேட்டு, "இதை என்னனு புரிஞ்சுக்கிட்டீங்க"னு திருப்பிக் கேளுங்க, அதுலயே பாதி கேள்வி அடிபடும்.

படி 7: டீம்ல தாக்குப்பிடிக்கிறது

டாக்டர் "சாம்பிள் 384 வருதா"னு கேப்பாரு, ஆந்த்ரபாலஜி மேடம் "12 குடும்பம், ஆனா ஒரு வருஷம்"னு சொல்லுவாங்க, ஸ்டாட்டிஸ்டிஷியன் ரெண்டு பேரையும் பாத்து பெருமூச்சு விடுவாரு. யாரும் தப்பில்ல. எத்தனை வீட்ல நடக்குதுனு தெரிய பெரிய சாம்பிள் வேணும், எப்படி நடக்குதுனு தெரிய கொஞ்ச வீட்ல நிறைய நாள் வேணும், எது உங்க கேள்வின்னு பாத்து முடிவெடுங்க.

வாதம் வளராம இருக்க எனக்குத் தெரிஞ்ச உருப்படியான வழி: வாரம் ஒருக்கா ஒரே ஒரு பேட்டியோட எழுத்துப் பிரதியை எல்லாரும் படிச்சிட்டு வந்து உக்காருங்க. அதே பக்கத்துல டாக்டர் மாத்திரை டோஸ் தப்பா இருக்கிறதைப் பாப்பாரு, சோஷியல் வொர்க்கர் கடன் வட்டியைப் பாப்பாங்க, இன்னொருத்தர் அந்தம்மா ஒரு தடவை கூட "எனக்கு"னு பேசலைங்கிறதைப் பாப்பாங்க. ஸ்லைடு போட்டு தியரி பேசுறதை விட இது சீக்கிரம் வேலை செய்யும்.

கணவன் ஒண்ணு மனைவி ஒண்ணு சொன்னா யாரு உண்மைனு பஞ்சாயத்து பண்ணாதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுங்க. பேப்பர்ல யார் பேர் முதல்ல, யார் பேர் எங்கங்கிறதை டேட்டா எடுக்கிறதுக்கு முன்னாடியே மெயில்ல எழுத்துப்பூர்வமா வாங்கிடுங்க. அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னா அப்புறம் பேசவே மாட்டாங்க.

காசு, வேலை

யுஜிசி நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000, கூட வீட்டு வாடகைப் படி. நெட்ல பாப்புலேஷன் ஸ்டடீஸ், சோஷியல் மெடிசின் அண்ட் கம்யூனிட்டி ஹெல்த் ரெண்டுமே தனிப் பாடமா இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாம சோஷியல் வொர்க்லயே முட்டிட்டு இருப்பாங்க. ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சில்), ஐசிஎம்ஆர் ஃபெலோஷிப்பும் உண்டு. எம்பிபிஎஸ் படிக்கிறவங்களா இருந்தா ஐசிஎம்ஆரோட குறுகிய கால மாணவர் திட்டம் ரெண்டு மாசம், கை நனைச்சுப் பாக்க அது நல்ல வழி.

அதெல்லாம் இல்லாம நேரா புராஜெக்ட் அசிஸ்டன்ட், ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர்னு சேர்றவங்கதான் அதிகம். கத்துக்க அதை விட நல்ல இடம் இல்ல, ஆனா கான்ட்ராக்ட் வேலை, ஃபண்டு முடிஞ்சா நீங்களும் முடிஞ்சீங்க. அதனால இன்டர்வியூல "ஏதாவது கேள்வி இருக்கா"னு கேக்கும்போது தலையாட்டிட்டு வராதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை வீடுனு டார்கெட் கேளுங்க, நாலுக்கு மேல சொன்னா அங்க பேட்டி நடக்கல, ஃபார்ம் நிரப்புறாங்க. பஸ் போகாத ஊருக்கு வண்டி உண்டா, பெட்ரோல் காசு அதே மாசம் வருமா, பெண்கள் தனியா போகணுமா, களத்துல பிரச்சினைன்னா போன் எடுக்கிறது யாரு, நீங்க எடுத்த டேட்டாவை உங்க தீசிஸுக்குப் பயன்படுத்த விடுவாங்களா. கடைசி கேள்விக்கு சரினு சொன்னா ஆர்டர் வாங்கும்போதே அதையும் அதுல எழுதித் தரச் சொல்லுங்க.